மாற்றுலகப் புனைவுகளை மதிப்பிடுதல்: அகலிகை முதல் பொன்னா வரை

முன்னுரை

ஒருவர் படைத்த கதைமாந்தரை வேறொருவர் எடுத்துக்கொண்டு புதிய கதை எழுதுவது இன்று உலகெங்கும் பெருகிவரும் எழுத்துமுறையாகும். ஆங்கிலத்தில் இதனை ‘ஃபேன் ஃபிக்ஷன்’ என்பர். தமிழில் ‘வாசகப் புனைவு’ எனலாம். இதன் வகைகளுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கவை. வெவ்வேறு கதைகளைச் சார்ந்த மாந்தரை ஒரே கதைக்குள் சந்திக்கச் செய்வது ஒன்று. இதனைக் ‘கலப்புப் புனைவு’ எனக் கொள்ளலாம். மூலக்கதையின் நிகழ்வையோ உலக நியதியையோ மாற்றி, ‘இப்படி நடந்திருந்தால்’ என்று வினவி எழுதுவது மற்றொன்று; இதனை ‘மாற்றுலகப் புனைவு’ எனலாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் ரசிகர்கள் 1967-இல் வெளியிட்ட ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் இதழிலிருந்து இவ்வகை எழுத்தின் வரலாற்றைத் தொடங்குவது மேலைநாட்டு ஆய்வாளர் பலரின் வழக்கம். ஆனால் செயல் என்ற அளவில் இது தமிழுக்குப் புதியதன்று. கோவலன், மாதவி ஆகியோரின் கதையை அவர்தம் மகளின் வழியே தொடர்ந்து சென்று, அதனை முற்றிலும் வேறான சமய உலகில் நிறுத்திய மணிமேகலையை நாம் இரட்டைக் காப்பியங்களுள் ஒன்றாகவே போற்றுகிறோம்.

இக்கட்டுரை எழுதப்படும் ஜீவனஹள்ளி, பெங்களூரின் கிழக்கே காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்த பகுதியாகும். 1809-இல் ஆங்கிலேயர் இந்நகரில் படைப்பாளையம் அமைத்த பின்னர்க் குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இப்பகுதியிலும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பயிலும் இளைஞர் ஒருவர் கம்பனின் இராமனையும் குவெம்புவின் இராமனையும், வில்லிபுத்தூராரின் பாண்டவரையும் பைரப்பாவின் பாண்டவரையும் அருகருகே அறிய நேர்கிறது. ஒரே கதைக்குப் பல உலகங்கள் உண்டு என்பது அவருக்குக் கோட்பாடன்று, அன்றாட அனுபவம். பயனர்களே எழுதி வெளியிடும் ‘பிரதிலிபி’ நிறுவனமும் இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது.

இவ்வாறு எழுதுவோரிடமிருந்து நம் துறைகளை நோக்கி ஒரு வினா எழுகிறது: இத்தகைய புனைவுகளுள் நல்லது எது, அல்லது எது, என்று நீங்கள் எவ்வாறு அறிவீர்கள்? இதற்கு நம்மிடம் தெளிவான விடை இல்லை. வழிப்புனைவுகளைப் பற்றிய நம் ஆய்வேடுகளிற் பல, மூலத்தோடு ஒப்புமைகளையும் வேறுபாடுகளையும் பட்டியலிட்டு நின்றுவிடுகின்றன. பட்டியல் தகவலைத் தரும், மதிப்பீட்டைத் தாராது. மதிப்பீடு இல்லாத இடத்தில் இரண்டு மனப்போக்குகள் குடியேறுகின்றன. மூலத்திலிருந்து விலகியது குற்றம் என்பது ஒன்று. விலகியதே புரட்சி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்த்து, இவ்வகைப் புனைவுகளை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலைத் தமிழ்ச் சான்றுகளின்வழி வகுத்துக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபிலக்கணம் தரும் கருவி

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. வழிநூலாசிரியன் முதல்நூலின் கருத்தோடு ஒத்துச் சென்றாலும், தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள உரிமையுடையவன். ஆயினும் மரபு அழியாமல் காக்கக் கடமைப்பட்டவன். சார்புநூல் ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் திரிந்து நடப்பது. இவ்விதிகள் இலக்கண நூல்களையே முதன்மையாகக் கருதியவை என்பதை மறத்தலாகாது. புனைகதைக்கு இவற்றை அப்படியே பொருத்துவது பொருந்தாது. எனினும் இவ்விதிகளின் உள்ளே உள்ள சிந்தனை நமக்குப் பயன்படும். வேறுபடுதல் இங்குக் குற்றமாகக் கூறப்படவில்லை, உரிமையாகவே கூறப்படுகிறது. அதே வேளையில் அவ்வுரிமை ஒரு கடமையோடு பிணைக்கப்பட்டுள்ளது. எதை மாற்றினாய் என்பதோடு, எதைக் காத்தாய் என்பதும் உடன் கேட்கப்படுகிறது.

இவ்விரு வினாக்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வது தேவையாகிறது. மாற்றத்தின் விளைவு எங்கே சென்று சேர்கிறது, அதனை யார் சுமக்கிறார் என்பதே அது. கதை என்பது காரண காரியங்களின் கோவை. ஓர் இழையை அசைத்தால் நெய்த துணி முழுதும் அசைய வேண்டும். அசையவில்லையெனில் மாற்றம் மேற்பூச்சாகவே நின்றுவிட்டது என்று பொருள். இதனைக் கம்பனிடமே காணலாம்.

கம்பன் செய்த ஒரு மாற்றம்

வால்மீகியின் இராவணன் சீதையைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல், பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்கிறான். இம்மாற்றத்தைக் கற்பின் பெருமை காக்கும் பண்பாட்டு நுட்பம் எனப் போற்றுவது நம் உரை மரபு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் அதன் விளைவையும் பின்தொடர்ந்து செல்லுதல் வேண்டும்.

இலங்கையிலிருந்து மீண்ட அனுமன், இளையவன் அமைத்த அதே சாலையில்தான் சீதை இருக்கிறாள் என்பதை இராமனிடம் தெரிவிக்கிறான். எனவே கம்பனின் இராமன், மனைவி தீண்டப்படவில்லை என்பதை அறிந்தவன். இருந்தும் போர் முடிந்தபின் சீதையைக் கடுஞ்சொற்களால் சுட்டு, தீப்புகும் நிலைக்குக் கொண்டு நிறுத்துகிறான். வால்மீகியின் இராமன், மாற்றான் உடலாற் பற்றியதைத் தன் ஐயத்துக்குக் காரணமாகச் சொல்ல முடிகிறது. கம்பனின் இராமனுக்கு அக்காரணம் இல்லை. சீதையின் தூய்மையைக் காக்கச் செய்த மாற்றம் இராமனின் வினாவை மேலும் கொடியதாக்கிவிடுகிறது. ஓரிடத்தில் கம்பன் அசைத்த இழை, நெடுந்தொலைவுக்கு அப்பால் வேறோரிடத்தை இறுக்குகிறது.

இவ்விறுக்கத்தைக் கம்பன் தளர்த்தவில்லை. காப்பியம் அவ்விடத்தைக் கடந்து முடிசூட்டு விழாவுக்குச் செல்கிறது. வினா மட்டும் அங்கேயே நிற்கிறது. மூலநூல் தீர்க்காமல் விட்டுச்செல்லும் இத்தகைய வினாவை அதன் ‘கடன்’ எனக் குறிக்கலாம். வழிப்புனைவுகள் பெரும்பாலும் மூலநூலின் வலிமையான இடங்களில் நுழைவதில்லை; இக்கடன் நிற்கும் இடத்தில்தான் நுழைகின்றன. தமிழில் அவ்வாறு நுழைந்தவருள் தலையாயவர் புதுமைப்பித்தன்.

இரண்டு அகலிகைகள்

அகலிகை கல்லானாள் என்பது தமிழ் மரபில் ஆழ வேரூன்றிய செய்தி. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர் ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டி விளக்குவதைக் கூறுமிடத்து, இந்திரன், அகலிகை, கௌதமன், கல்லுருவம் ஆகியவற்றைக் குறிக்கிறது. வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை; யார் கண்ணுக்கும் புலனாகாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடக்குமாறு சபிக்கப்படுகிறாள். கம்பன் தமிழ் வழக்கையொட்டிக் கல்லாக்குகிறான். கம்பனின் விசுவாமித்திரன் அவள் உள்ளத்தாற் பிழைபுரியாதவள் என்று கூறியே அவளை ஏற்றுக்கொள்ளுமாறு கௌதமனிடம் வேண்டுகிறான்.

புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை எழுதினார். 1934-இல் வெளிவந்த ‘அகலிகை’ முதலாவது. 1943-இல் கலைமகளில் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ இரண்டாவது. ஒரே ஆசிரியர் ஒரே மூலத்திலிருந்து ஒன்பதாண்டு இடைவெளியில் படைத்த இரு மாற்றுலகங்கள் என்ற வகையில் இவை ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கு ஏற்றவை.

முதற்கதையின் மாற்றம் கௌதமனிடத்தில் நிகழ்கிறது. அவன் சினந்து சபிப்பவனாக இல்லாமல், உடலுக்கு நேர்ந்ததையும் உள்ளத்தின் நிலையையும் பிரித்தறிந்து பொறுக்கும் மனிதனாகிறான். கருத்தளவில் இது துணிவானது. ஆயின் கதையளவில் இம்மாற்றம் முரண்பாட்டையே கரைத்துவிடுகிறது. கணவன் நல்லவனாகிவிட்டான், சிக்கல் தீர்ந்தது. மூலத்தின் கடன் அடைக்கப்படவில்லை, தள்ளுபடி செய்யப்பட்டுவிட்டது. படித்து முடித்தபின் நாம் இராமாயணத்துக்குத் திரும்பினால், அது முன்பு இருந்தபடியே இருக்கிறது.

‘சாபவிமோசனம்’ இதற்கு மாறான வழியை மேற்கொள்கிறது. இராமாயணப் பழக்கமுடையோருக்கு இக்கதை ஏற்புடையதாகாமற் போகலாம் என்பதை ஆசிரியர் தொடக்கக் குறிப்பிலேயே உணர்த்துகிறார். ஆனால் வியப்பிற்குரியது யாதெனில், இக்கதை மூலத்தில் ஏறத்தாழ எதையுமே மாற்றவில்லை என்பதே. சாபம் உண்டு, கல் உண்டு, இராமனின் கால்தூசி உண்டு, பதினான்கு ஆண்டு வனவாசம் உண்டு, தீக்குளிப்பும் உண்டு. ஆசிரியர் செய்தது ஒன்றே. பாலகாண்டத்தில் வந்து மறையும் அகலிகையை மறையவிடாமல் உயிர்வாழ வைத்து, யுத்தகாண்டத்தைக் கடந்துவந்த சீதையை அவள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூலத்தில் ஒருவரையொருவர் சந்திக்காத இரு மாந்தர் சந்திக்கின்றனர். ஒரே நூலின் இரு முனைகளை இணைத்த கலப்புப் புனைவு என இதனைக் கூறுதல் தகும்.

இச்சந்திப்புக்கு முன் கதை பொறுமையாக நடக்கிறது. கல்லிலிருந்து எழுந்த அகலிகைக்குச் சாபம் நீங்கியும் ஊரின் பார்வை நீங்கவில்லை. கௌதமனுக்கோ தன் சினத்தின் நினைவு நீங்கவில்லை. மன்னிப்புக்குப் பின்னும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் இயல்பாகப் பார்க்க இயலாத வாழ்வை ஆசிரியர் விரித்துரைக்கிறார். முதற்கதையில் முடிவாக இருந்த மன்னிப்பு இங்குத் தொடக்கமாகிறது. ஒன்பதாண்டுகளில் புதுமைப்பித்தன் அடைந்த முதிர்ச்சி இவ்விடமாற்றத்தில்தான் புலப்படுகிறது. இறுதியில், இராமன் கேட்டதனால் தான் தீப்புகுந்ததாகச் சீதை கூறக் கேட்ட அகலிகை அதிர்கிறாள். உள்ளத்தூய்மை கருதித் தனக்கு விமோசனம் அளித்தவன், தன் மனைவியிடம் உலகறியச் சான்று கேட்டான் எனில், தான் பெற்ற விமோசனத்தின் பொருள் என்ன? அகலிகை மீண்டும் கல்லாகிறாள்; கௌதமன் துறவு பூண்டு வெளியேறுகிறான்.

நம் மூன்று வினாக்களையும் இங்கு எழுப்பிப் பார்க்கலாம். மாற்றியது ஒரு சந்திப்பு மட்டுமே. காத்தது ஏனைய அனைத்தும். குறிப்பாக, தமிழ் மரபுக்கே உரிய கல். வால்மீகியின் உலகில் இம்முடிவு இயலாது. அங்கே கல் இல்லை. விளைவையோ அகலிகை தன் உடலாலேயே சுமக்கிறாள். இக்கதையைப் படித்தபின் கம்பனின் அகலிகைப் படலத்தையும் மீட்சிப் படலத்தையும் தனித்தனியே படிக்க இயலாமற் போகிறது. சிறந்த வழிப்புனைவு மூலத்தைப் பற்றிய திறனாய்வாகவும் அமைகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் அரிது.

இரு உலகங்கள் சந்திக்கையில் எதன் விதி ஆளும்?

கலப்புப் புனைவுகளுக்கு மேலும் ஒரு வினா உண்டு. இரு உலகங்கள் ஒன்றாகும்போது, எவ்வுலகின் விதிக்கு எவ்வுலகம் பணிகிறது? இதனைத் தெளிவாக்கிக்கொள்ளாத புனைவுகள் வெறும் வேடிக்கையாக முடிந்துவிடும். புகழ்பெற்ற இரு மாந்தரை ஓரிடத்தில் நிறுத்திப் பேசவைப்பது எளிது. அவர்களுள் ஒருவரேனும் தம் இயல்பான ஆற்றலை இழந்தாலன்றிக் கதை பிறவாது.

அதே 1943-இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இதற்குச் சான்று. புராண உலகின் தலைவர் சென்னை நகரின் தெருவுக்கு வருகிறார். விதி சென்னையினுடையது. கடவுள் ஓட்டலில் காப்பி அருந்துகிறார். கந்தசாமிப் பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்ட வேண்டியவராகிறார். பிழைப்புக்காகக் கலைப்புரவலர் ஒருவர் முன் தம் நடனத்தை ஆடிக்காட்டி, ஏற்கப்படாமல் திரும்புகிறார். எந்த இடத்திலும் அற்புதம் நிகழ்த்திச் சிக்கலைத் தீர்க்க ஆசிரியர் அவரை விடுவதில்லை. இக்கட்டுப்பாடே நகைச்சுவையின் ஊற்று. கதையின் துயரமும் அதிலிருந்தே பிறக்கிறது. வரம் அருளலாம், உடனிருந்து வாழ இயலாது என்ற உண்மையைக் கடவுளே உணரும் நிலைக்குக் கதை அவரைக் கொண்டுசெல்கிறது.

விதியை ஓரிடத்தில் மாற்றி, அதனை நூல் முழுதும் நேர்மையாகக் கடைப்பிடித்தமைக்குக் கன்னடத்திலிருந்து ஒரு சான்று தரலாம். எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’ 1979-இல் வெளிவந்தது. பெங்களூரில் வாழும் எழுத்தாளர் பாவண்ணன் அதனைப் ‘பருவம்’ எனத் தமிழாக்கி, 2005-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். மகாபாரதத்திலிருந்து தெய்விக அற்புதங்களை நீக்குவது என்பதே பைரப்பாவின் ஒரே மாற்றம். ஆனால் அதன் விளைவு எல்லையற்றது. வரத்தால் பிறந்த பிள்ளைகள் வேறு எவ்வாறு பிறந்தனர்? தேவர் எனப்பட்டோர் மலைநாட்டு மக்களாகின்றனர். நியோகம் என்ற பண்டை வழக்கம் வரத்தின் இடத்தைப் பிடிக்கிறது. குந்தியின் வாழ்வு ஒரு பெண்ணின் உடல் பட்ட வரலாறாக மாறுகிறது. ஓர் அற்புதத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தை வெற்றிடமாக விடாமல், அங்கே ஒரு காரணத்தை நட்டு வளர்த்திருக்கிறார் ஆசிரியர்.

தலைகீழாக்கமும் மாற்றமும்

இந்த அளவுகோல் நமக்கு உவப்பான நூல்களிலும் செல்லுபடியாக வேண்டும். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்தது. தமிழகக் காண்டம், இலங்கைக் காண்டம், விந்தக் காண்டம், பழிபுரி காண்டம், போர்க் காண்டம் என ஐந்து காண்டங்களையுடைய இந்நூல் 1948-இல் அரசால் தடை செய்யப்பட்டது. 1971-இல்தான் தடை நீங்கியது. மூலத்திலிருந்து விலகுவதே குற்றம் என்ற மனப்போக்கு அரசாணையாக மாறினால் என்ன நிகழும் என்பதற்கு இந்த இருபத்து மூன்று ஆண்டுகள் சான்று. நூலின் சொல்வளமும் நில வருணனையும் அதன் எதிர்ப்பாளரும் மதிக்கத்தக்கவை. அது எழுப்பிய அரசியல் வினாவின் வரலாற்றுத் தேவையும் மறுக்கற்பாலதன்று.

எனினும் மாற்றுலகப் புனைவு என்ற வகையில் நோக்கும்போது ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். இந்நூலில் இராவணன் மாசற்ற தமிழ் மன்னனாகவும் இராமன் அயல்நிலத்திலிருந்து வந்த வஞ்சகனாகவும் மாறுகின்றனர். இடங்கள் மாறின, இருக்கைகள் மாறவில்லை. குறையற்ற தலைவன், நிறையற்ற பகைவன் என்ற காப்பியக் கட்டமைப்பு அப்படியே நீடிக்கிறது. கம்பனின் இராவணனிடம் பெருமையும் பிழையும் ஒருங்கே உண்டு. அவன் வீழ்ச்சி நம்மை வருத்துவது அதனால்தான். அனைத்தையும் தலைகீழாக்கிய நூலில் அவ்விரட்டைத் தன்மை இழக்கப்படுகிறது. முழுமையான தலைகீழாக்கம் பார்வைக்குப் பெரிய மாற்றம். கதையின் உள்ளமைப்பில் அது சிறிய மாற்றமே. ஒரே ஒரு சந்திப்பைச் சேர்த்த ‘சாபவிமோசனம்’ இராமாயணத்தை ஆழமாக அசைத்தமைக்கும், நூல் முழுவதையும் மாற்றிய காவியம் அதன் சட்டகத்தைத் தொடாமல் விட்டமைக்கும் காரணம் இதுவே எனலாம்.

தன் கதைக்குத் தானே மாற்றுலகம் படைத்தல்

மூலமும் மாற்றுலகமும் ஒருவராலேயே எழுதப்படும்போது, உரிமை பற்றிய வழக்குக்கு இடமில்லாமற் போகிறது. அதனால் கலை பற்றிய வினா தெளிவாகத் தெரிகிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தை எழுப்பியது. மழையில் அந்நியனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் பெண்ணைத் தாய் நீராட்டி, அவள் தூயவளே என்று ஏற்றுக்கொள்வதோடு கதை முடிகிறது. தலைப்பிலேயே சீதை நிற்கிறாள். தீயின் இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

பின்னர் ஜெயகாந்தன் அத்தாய் அவ்வாறு நடந்துகொள்ளாத ஓர் உலகத்தை எழுதினார். அதுவே 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் தாயின் அலறல் செய்தியை வெளிப்படுத்திவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்காவின் வாழ்வு முழுதும் அந்த ஒரு கணத்தின் விளைவாக விரிகிறது. இந்நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய சிறுகதையாக ‘அக்கினிப் பிரவேசம்’ இடம்பெறுவது தனித்துக் கருதத்தக்கது. தனக்குக் கிட்டாத உலகத்தைக் கங்கா அச்செழுத்தில் காண்கிறாள். அன்பான தாய் இருந்திருந்தால் தன் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும் என்பதற்குச் சான்று அவள் கையிலேயே இருக்கிறது. அதனைக் கொண்டு அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மாற்றுலகம் இங்கு வாசகருக்கு மட்டும் தெரிந்த உத்தியாக நில்லாமல், கதைமாந்தரின் துன்பமாகவே மாறுகிறது.

இதே 1966-இல்தான் ஜீன் ரைஸ் என்னும் பெண் எழுத்தாளரின் ‘வைட் சர்காசோ சீ’ என்னும் ஆங்கில நாவலும் வெளிவந்தது. ‘ஜேன் ஐர்’ நாவலில் பித்துப்பிடித்தவளாக மாடியறையில் அடைக்கப்பட்டிருக்கும் முதல் மனைவியின் முற்கதையை அது சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில், ஒரே ஆண்டில், ஊர் தீர்ப்பளித்து மூடிய பெண்ணொருத்தியின் கோப்பு மீண்டும் திறக்கப்பட்டது எனலாம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா இணையரின் கதை அது. காளி உயிர்நீத்தானா, பிழைத்தானா என்பதைத் திறந்தநிலையில் விட்டு நாவல் முடிகிறது. 2014-இல் ஆசிரியர் அம்முடிவிலிருந்து கிளைக்கும் இரு நாவல்களை ஒருசேர வெளியிட்டார். ‘ஆலவாயன்’ காளி இறந்த உலகம். ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்த உலகம். இரண்டுக்கும் நிலம் ஒன்று, உறவுமுறை ஒன்று, ஊர்வழக்கு ஒன்று. மாறியது ஓர் உயிர் மட்டுமே. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், கணவன் இறந்தாலும் பொன்னாவே விலை தருகிறாள், இருந்தாலும் பொன்னாவே விலை தருகிறாள் என்பதைக் காண்கிறார். தனித்த ஒரு நாவலால் இதனைக் கூறியிருக்க முடியாது. ஒரு நிகழ்வை மாற்றியும் மாறாதது எதுவோ அதுவே சமூக அமைப்பு என்பதை, இரு உலகங்களையும் அருகருகே வைத்ததனாலேயே காட்ட முடிந்தது. மாற்றுலகப் புனைவு பொழுதுபோக்கு விளையாட்டன்று, சமூகத்தை ஆராயும் முறையும் ஆகும் என்பதை இவ்விணை நாவல்கள் நிறுவுகின்றன. முதல் நாவலை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் ஆசிரியர் தம் எழுத்துக்கே முடிவு அறிவித்ததும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுத்துரிமையை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவையே.

தொடர்ச்சி என்னும் ஆசை

வாசகப் புனைவுக்கு மிகுதியும் இடந்தரும் தமிழ்ப் படைப்பு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவல் முடிந்தபோதே, கதை திடுமென நின்றுவிட்டது என்ற குறை வாசகரிடையே எழுந்தது; கல்கியும் தம் முடிவுரையில் அதற்கு விடை கூறினார். பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ வழியாக அக்கதையைத் தொடர்ந்தார். அனுஷா வெங்கடேஷின் ‘காவிரி மைந்தன்’ அவ்வரிசையில் வந்த மற்றொரு தொடர்ச்சி.

இவ்வகைத் தொடர்ச்சிகளில் காக்க வேண்டிய மரபு இரண்டாகிறது. ஒன்று கல்கியின் கதை, மற்றொன்று வரலாறு. ஆதித்த கரிகாலனைக் கொன்றதற்காக இரவிதாசன் உள்ளிட்டோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்யுமாறு முதலாம் இராசராசன் காலத்தில் பிறந்த ஆணையை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. உத்தம சோழனின் ஆட்சி முடிந்து, கி.பி. 985-இல் இராசராசன் அரியணை ஏறிய பின்னரே அது நிகழ்கிறது. அவ்வளவு காலம் கொலையாளிகள் மீது நடவடிக்கை இல்லாதது ஏன் என்பதே கல்கியின் நாவல் விட்டுச்சென்ற பெருங்கடன். தொடர்ச்சி எழுதுவோர் எவராயினும் இவ்வினாவைச் சந்திக்கிறாரா, அன்றி வந்தியத்தேவனின் குறும்பையும் குந்தவையின் அழகையும் மறுபடி காட்டுவதோடு அமைகிறாரா என்பதே அவர் படைப்பை மதிப்பிடும் உரைகல்.

நீக்குதலும் ஒரு மாற்றமே. 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த மணிரத்னத்தின் திரைப்படத்தில், கந்தமாறனின் தங்கை மணிமேகலை இல்லை. காலச்சுருக்கம் கருதிய நீக்கம் என இதனை விளங்கிக்கொள்ளலாம். ஆயின் கல்கியின் நாவல் அரச விழாவோடு முடியவில்லை. வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலை உயிர்விடுவதோடு முடிகிறது. வீரனின் வெற்றிகளுக்கு யார் விலை தந்தார் என்பதைக் காட்டும் ஒரே பாத்திரம் அவள். அவளை நீக்கிய உலகில் வந்தியத்தேவன் கடன்படாதவனாகிறான். அவனது கதை இலேசாகிறது. கிளைப்பாத்திரம் ஒன்றை எடுத்ததன் விளைவு தலைமைப் பாத்திரத்தைச் சென்று தாக்குவதை இங்குக் காணமுடிகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மாற்றுலகப் புனைவும் கலப்புப் புனைவும் தமிழில் அயல்வரவு அல்ல. வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாட்டில் அவற்றுக்கு இடமுண்டு. அவற்றை மதிப்பிடுவதற்கு மூலத்தோடு ஒத்திருத்தலும் போதாது, மூலத்தினின்று விலகுதலும் போதாது. மாற்றியது எது, காத்தது எது, விளைவைச் சுமப்பவர் யார் என்ற மூன்று வினாக்களும், கலப்புப் புனைவாயின் எவ்வுலகின் விதி ஆள்கிறது என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும். மூலநூல் தீர்க்காமல் விட்ட கடனை எடுத்துக்கொண்டு, அதற்குரிய விலையைத் தன் கதைமாந்தர் தரும்படி எழுதப்பட்ட புனைவே நிலைபெறுகிறது. விலையில்லாத மாற்றம், எழுதியவரின் விருப்பத்தை மட்டுமே தெரிவிக்கும்.

அகலிகை, சீதை, கங்கா, பொன்னா என இக்கட்டுரையிற் சந்தித்த மாந்தர் பலரும் பெண்கள் என்பது தற்செயலன்று. நம் மூலக்கதைகள் எந்த இடத்தில் மிகுதியாகக் கடன்பட்டுள்ளனவோ அந்த இடத்தையே மறுபுனைவாளர்கள் திரும்பத் திரும்பத் தட்டுகின்றனர்.

ஆதலின் நம் துறைகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒப்புமை வேற்றுமைப் பட்டியலோடு நிற்கும் ஆய்வேடுகளுக்குப் பதிலாக, மாணவர் ஒரு மறுபுனைவை எடுத்துக்கொண்டு, அதன் ஒரே ஒரு மாற்றத்தை நூலின் கடைசிப் பக்கம் வரை பின்தொடர்ந்து சென்று தீர்ப்புக் கூறுமாறு பயிற்றலாம். அம்மாணவர்களுள் சிலர் பெயர் மறைத்து இத்தகைய கதைகளைத் தாமே எழுதிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குத் தேவை நம் பாராட்டோ கண்டனமோ அன்று. தாம் தொட்ட இழை எங்கே சென்று இறுகுகிறது என்பதைக் காட்டும் வாசிப்பே அவர்களுக்கு நாம் தரக்கூடியது.